போலீஸ் சாவடி கேட்டோம்

கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியிலிருந்து காலைச் சந்தைக்கு ஒரே சாலைதான். ஒரு பக்கம் பெரிய கால்வாய், மறுபக்கம் மூடிக்கிடக்கும் ஒரு தொழிற்சாலையின் மதில். துறைமுகத்து லோரிகள் ஓயாமல் போவதால் பின்னால் மோட்டார் சைக்கிள் வந்தாலும் காதில் விழாது. அதனால் நாங்கள் பெண்கள் எல்லாரும் கைப்பையைக் கால்வாய்ப் பக்கத் தோளில்தான் மாட்டிக்கொண்டு நடப்போம். என் எதிர்வீட்டு அக்கா இன்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று வாரைத் தலைவழியாகக் குறுக்கே போட்டிருந்தார். ஒரு நாள் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்தவன் பையைப் பிடித்து இழுத்தபோது வார் அறுபடவில்லை. அக்காவையே இழுத்துக்கொண்டு போய்க் கால்வாய்ச் சிமெண்டு விளிம்பில் போட்டுவிட்டுப் போனார்கள்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்டு அந்த வழியாகத் திரும்பி வந்தபோது கூட்டம் நின்றது. அக்கா வாங்கிய கெம்போங் மீன் சாலையெல்லாம் சிதறிக் கிடந்தது. ஆம்புலன்ஸ் வரும் என்று எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் வேனின் பின் இருக்கையில் அவரைப் படுக்கவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவர் என் பெயரைச் சொல்லவில்லை, மகன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்.

உயிர் பிழைத்தார். ஆனால் வீட்டுக்குத் திரும்பி வந்தவர் வேறு ஆள். வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சு கொஞ்சம் வந்தது, நினைவு நிற்கவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசிய பெண்மணி, சோற்றை வாயில் வைத்துக்கொண்டு மெல்ல மறந்து உட்கார்ந்திருப்பார். கணவர் காலமாகிப் பல வருடம். இருந்தது ஒரே மகன். துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். இருபதுகளின் நடுவில் இருப்பான். கழுத்தில் வேல் பச்சை குத்தியிருப்பான், தலையின் இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டியிருப்பான். வேலைக்குப் போவதற்கு முன்னால் அம்மாவைக் குளிப்பாட்டி, உடுத்தி, தலை வாரிவிட்டுத்தான் கிளம்புவான். பகலில் நான் பார்த்துக்கொண்டேன்.

கட்சிக் கிளைத் தலைவர் அப்போதுதான் எங்கள் மாடிப்படி ஏறினார். டயர் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். பழக்கூடையோடு வந்தார். அக்காவைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை.

“இதை இப்படியே விடக் கூடாது தங்கச்சி,” என்றார் என்னிடம். “எத்தனை தடவை கேட்டுட்டோம், இந்த ரோட்டுக்கு ஒரு போலீஸ் சாவடி வேணும்னு. எலெக்ஷன் வருது. இப்ப கேட்டாத்தான் கெடைக்கும். நீங்க வந்து பேசுங்க.”

“நான் என்ன அண்ணே பேசறது? எனக்கு மேடையெல்லாம் பழக்கம் இல்லலா.”

“நடந்ததைச் சொல்லுங்க, போதும்.”

அடுக்குமாடிக்குப் பக்கத்துத் திடலில் முதல் கூட்டம். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மீன் சிதறிக் கிடந்ததிலிருந்து ஆரம்பித்தேன். பின்வரிசையில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அடங்கிப்போனார்கள். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில்கூடப் பேசினேன். எங்கள் வேட்பாளர் படித்தவர், இளையவர். எனக்குப் பிறகு அவர் பேசுவார். “போலீஸ் நம் தெருவுக்கு வரவேண்டும். வந்து நிற்கவேண்டும்” என்பார். எல்லாரும் கை தட்டுவார்கள், நானும் தட்டுவேன்.

அக்காவையும் அழைத்துவரச் சொன்னார்கள். மகனுக்குப் பிடிக்கவில்லை.

“ஏன் ஆன்டி அம்மாவ அங்க கொண்டுபோறீங்க? அவங்களுக்கு ஒண்ணும் வெளங்காது. எல்லாரும் வேடிக்கை பாப்பாங்க.”

“உங்கம்மாவுக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாதுன்னுதான்பா.”

அவன் துவைத்த துணிகளைக் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் அவனே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து முன்வரிசையில் நிறுத்தினான். விளக்குகளையும் கொடிகளையும் பார்த்து அக்காவுக்கு ஒரே சந்தோஷம். என் கையைப் பிடித்து, “திருவிழாவா? சாமி எப்ப வரும்?” என்று கேட்டார். “இப்ப வந்துரும் அக்கா” என்றேன். புகைப்படக்காரர் எடுத்துக்கொண்டே இருந்தார்.

ஜெயித்தோம். சொன்னபடி சாவடியும் வந்தது. சந்தைச் சாலையின் முனையில் நீலமும் வெள்ளையும் பூசிய சின்னக் கட்டடம். திறப்பு விழாவில் கேசரி கொடுத்தோம். என் வாழ்க்கையில் நான் கேட்டுக் கிடைத்த பெரிய விஷயம் அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். மறுநாள் வேண்டுமென்றே நடந்துதான் சந்தைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் தலையசைத்தார்.

கொஞ்ச நாளில் சோதனைகள் ஆரம்பித்தன. சாயங்காலங்களில் வண்டிகளில் வந்து, இளைஞர்கள் கூடுகிற இடங்களில் நிறுத்தி அடையாளக் கார்டு கேட்டார்கள். கடைக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். கிளைத் தலைவர் கட்சி வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு, “சொன்னதைச் செய்கிறோம்” என்று எழுதினார். நானும் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினேன்.

ஒரு சாயங்காலம் ஒட்டுக்கடை அக்கா என் வீட்டுக்கதவைத் தட்டினார். அடுக்குமாடிக்குக் கீழே தகரக்கூரை போட்டுத் தேநீரும் வடையும் விற்பவர். மூச்சு வாங்கியது.

“எதிர்வீட்டுப் பையனைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. வேலை விட்டு வந்து தே தாரேக் குடிச்சிட்டு இருந்தான். அந்தப் பக்கத்து மேசையில நாலு பேர் இருந்தானுங்க. அவங்கள வளைச்சாங்க, இவனையும் சேத்து ஏத்திட்டாங்க. இவன் அவங்களோட வரலன்னு நான் சொன்னேன். கழுத்தைக் காட்டி என்னமோ சொல்லிச் சிரிச்சாங்க.”

நான் வேனை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடினேன். முகப்பில் இருந்த சார்ஜன்ட் மரியாதையாகத்தான் பேசினார். விசாரணை நடக்கிறது, குடும்பத்தார் மட்டும்தான் கேட்கலாம், நீங்கள் யார் என்று மலாயில் கேட்டார். அம்மா நடக்க முடியாதவர், நான் பக்கத்து வீடு என்றேன். சாவடி கேட்டுப் பேசியதே நான்தான் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கே கேவலமாக இருந்தது. அவர் சிரித்து, “அப்படியென்றால் உங்களுக்குப் புரியும், அக்கா” என்றார்.

அங்கிருந்து நேராக டயர் கடைக்குப் போனேன். கிளைத் தலைவர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார், எல்லாவற்றையும் கேட்டார், போனை எடுத்து யாரிடமோ பேசினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“கொஞ்சம் பொறுங்க தங்கச்சி. தப்பு செய்யலன்னா விட்டுருவாங்க.”

“தப்பு செய்யலன்னு உங்களுக்கே தெரியும் அண்ணே. அவன்தான் நாற்காலிய தள்ளிட்டு வந்தான்.”

“தெரியும். ஆனா நம்ம நிலைமையையும் பாருங்க. போலீஸ் வேணும்னு மேடை போட்டுக் கேட்டோம். வந்துட்டாங்க. இப்ப நாமளே போய், இவனை விடு அவனை விடுன்னா, பிடிச்ச எல்லாரோட அம்மா அப்பாவும் நம்ம வாசல்ல நிப்பாங்க. ஒய்பியும் இப்ப வாய் திறக்க முடியாது.”

ஒய்பி என்றால் ஜெயித்து வந்த எங்கள் வேட்பாளர். அவருக்கு நானே போன் செய்தேன். உதவியாளர் எடுத்தார், குறித்துக்கொள்கிறேன் என்றார்.

மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய்க் காவலை நீட்டித்தார்கள். அந்த நாட்களில் அக்காவோடு இருந்ததுதான் எனக்குப் பெரிய கஷ்டம். சாயங்காலம் ஆனால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். கதவைப் பார்த்துக்கொண்டே, “வந்துட்டானா?” என்பார். “ஓவர்டைம் அக்கா” என்பேன். சரி என்று தலையாட்டுவார். கொஞ்ச நேரத்தில் மறந்துபோய் மறுபடியும் கேட்பார். நானும் மறுபடியும் அதையே சொல்வேன். மகன் இல்லாமல் குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். ஒருநாள் என் கையைக் கடித்துவிட்டார்.

ஒரு மத்தியானம் அவன் தானாகவே படியேறி வந்தான். குற்றச்சாட்டு எதுவும் இல்லை, விட்டுவிட்டார்கள். அதே வேலைச்சட்டை. நின்றபடியே அம்மாவைப் பார்த்தான், பிறகு குளியலறைக்குப் போனான். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெளியே வந்ததும் அம்மாவைக் குளிப்பாட்ட உட்கார்ந்தான். இடது பக்கமிருந்து நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அப்போதுதான் கவனித்தேன், காதுக்குக் கீழே தாடையோரம் மஞ்சளும் பச்சையுமாக இருந்தது.

“அடிச்சாங்களா?”

“விடுங்க ஆன்டி.”

“யாரு?”

“பேரைச் சொல்லிட்டா அடிப்பாங்க?” என்றான். அம்மாவின் தோளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “மோட்டார் யாருது, பையெல்லாம் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எங்கம்மாவையே அப்படித்தான் இழுத்துப் போட்டாங்கன்னு சொன்னேன். நல்லா கதை விடறேன்னு சொல்லி மறுபடியும்…” என்று நிறுத்திக்கொண்டான். அக்கா அவன் ஈரத் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மருத்துவர் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார். அது ஆறினால் ஒழிய முழுதாகக் கேட்காது, ஆறுமா என்று சொல்ல முடியாது என்றார். நான் விடவில்லை. தெரிந்த ஒரு வழக்கறிஞர் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுக்கவைத்தேன். கொடுக்கும்போது அவன் என்னைப் பார்த்த பார்வை நன்றாக நினைவிருக்கிறது. பெரியவர்கள் மனம் நோகக் கூடாதே என்று கூட வந்த பிள்ளையின் பார்வை. வாக்குமூலம் வாங்கினார்கள். போதிய ஆதாரம் இல்லை என்று பிறகு வழக்கறிஞர் போனில் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட காது வேண்டும். கிடங்கில் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாவடியைத் தாண்டித்தான் எங்கே போவதென்றாலும் போகவேண்டும். தாண்டும்போது அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதை மேல்மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். கடைசியில் ரவாங்கில் இருந்த சித்தி வீட்டுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டான். என் வேனில்தான் சாமான்களை ஏற்றினோம்.

அடுத்த தேர்தல் வந்தபோது கிளைத் தலைவர் மறுபடியும் படியேறினார். இந்த முறை அவர் கொஞ்சம் தளர்ந்திருந்தார்.

“பேசுங்க தங்கச்சி. சாவடி வந்ததே உங்களாலதான். அதைச் சொல்லுங்க.”

“பேசறேன் அண்ணே. பையனுக்கு நடந்ததையும் சேத்துச் சொல்றேன்.”

அவர் மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். “அதை எலெக்ஷன் முடிஞ்சதும் பேசலாமே?” என்றார். நான் காப்பி கலக்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். திடலில் கூட்டம் நடந்தபோது ஒலிபெருக்கிச் சத்தம் வராமல் இருக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறொரு பெண் பேசினார். அவருடைய சங்கிலியை எங்கோ பறித்திருக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தியும் குரல் கேட்டது, நன்றாகத்தான் பேசினார்.

அக்கா ரவாங்கிலேயே காலமானார். தூக்கத்தில் போய்விட்டார். நான் கொமுட்டர் ரயிலில் போனேன். கட்சியிலிருந்து மலர் வளையம் வந்திருந்தது. அதைக் கொண்டுவந்தவரிடம் அவன் கோபமாக எதுவும் சொல்லவில்லை, வேலியோரமாக வையுங்கள் என்று கையைக் காட்டினான். வளையம் செருப்புகளுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது.

எடுப்பதற்கு நேரமிருந்ததால் வாசலில் கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்தோம். அவன் நாற்காலியை நகர்த்தி எனக்கு வலது பக்கக் காதைக் கொடுத்து உட்கார்ந்தான்.

“அந்த ரோடு இப்ப எப்படி இருக்கு ஆன்டி?” என்று கேட்டான்.

உண்மையைத்தான் சொன்னேன். “சாவடி வந்ததுக்கு அப்புறம் பை பறிப்பு ஒண்ணும் இல்லப்பா. என் பொண்ணு இருட்டினப்புறம்கூட நடந்து வர்றா.”

“நல்லது ஆன்டி,” என்றான்.

குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அவன் மனதாரச் சொன்னான். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவனுக்குக் கேட்கவில்லை. நான் அவன் தோளைத் தொட்டுச் சொன்னேன். எழுந்து, அம்மாவைக் குளிப்பாட்ட உள்ளே போனான்.