ஜிக்கில் வைத்த பொட்டு

எங்கள் மேனேஜர் நல்ல செய்தியைத் தமிழில் சொல்வார், வேலையை இங்கிலீஷில் ஏவுவார், முடியாது என்பதை மட்டும் கன்னடத்தில் சொல்வார். "ஆகல்லம்மா" என்றால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த எனக்கு முதலில் புரிந்த கன்னடச் சொல் அதுதான். இன்றைக்கும் அதைக் கேட்டால் எரிச்சல் வருகிறது.

சூளகிரியைத் தாண்டி ஹைவேயிலிருந்து உள்ளே போகும் தொழிற்பேட்டையில் இருக்கிறது எங்கள் சின்ன யூனிட். கம்ப்யூட்டருக்குள் தகவலைக் கொண்டுபோகும் சீரியல் பஸ் சிப்புகளைப் போர்டில் பொருத்தி, சோதித்து, பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம். நான் டெஸ்டிங் இன்ஜினியர். ஒரு காலத்தில் கத்தையாகக் கம்பிகள் போட்டு அனுப்பிய தகவலை இப்போது ஒரு ஜோடிச் செம்புக் கோட்டிலேயே, ஒன்றன்பின் ஒன்றாக, நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தில் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு புதுத் தலைமுறைச் சிப்பும் முந்தையதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம். ஆனால் அந்தக் கோடு ஓடும் போர்டு மட்டமானதாக இருந்தால் சிக்னல் வழியிலேயே தேய்ந்துவிடும். அப்போது சிப் அடம் பிடிப்பதில்லை. எதிர்முனையோடு பேசி, சத்தமில்லாமல் பழைய வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும். விளக்கு எரியும், வேலை நடக்கும், திரையில் வேகத்தைப் பார்க்கிறவருக்குத்தான் விஷயம் தெரியும்.

டெஸ்டிங் மேசையில் என்னோடு இருந்தவர் ஊத்தங்கரைப் பக்கத்து அக்கா. போர்டை வைத்து மூடி அழுத்திச் சோதிக்கும் சட்டகத்துக்கு ஜிக் என்று பெயர். நாளெல்லாம் அதைத் திறந்து மூடுவது அக்காவின் வேலை. வருஷக்கணக்காகக் காண்ட்ராக்ட்தான். மகள் ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். பெர்மனென்ட் ஆகிவிட்டால் சூளகிரியில் ஒரு வீடு பார்த்து மகளை அழைத்துக்கொள்வதாக இருந்தார். "ஏங்க மேடம், பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு வீடு பாத்து வச்சிருக்கன். ஜன்னலு ரெண்டு கீது. ஒண்ணாண்ட ஒக்காந்து அவ படிப்பா" என்பார். தினமும் அந்த ஜன்னல் கதைதான். சில நாள் கடுப்பாகக்கூட இருக்கும்.

போன வருஷம் புதுத் தலைமுறைச் சிப்புக்கு ஒரு ஆர்டர் வருவதாக இருந்தது. "இது மட்டும் ஓகே ஆகட்டும், உங்களைப் பெர்மனென்ட் பண்ணிடறேன்" என்று மேனேஜர் அக்காவிடம் சொன்னார். தமிழில்தான் சொன்னார். அக்கா அன்றே அந்த வீட்டு ஓனருக்குப் போன் போட்டு, வேறு யாருக்கும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. ஓசூர்ப் பக்கத்தில் அது எப்படி நடக்கும் என்பதை ஒருமுறை பார்த்தால் போதும். லேத் மெஷினிலிருந்து வாசல் கேட் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. எங்கள் டெஸ்டிங் ரூமில் வருஷா வருஷம் பொட்டு வைப்பது அக்காதான். அந்த வருஷமும் ஜிக்கைத் துடைத்து, மூடியின் மேல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை, தெரிந்ததுதானே. மேனேஜர் பக்கத்தில் நின்று பொரி தின்றுகொண்டிருந்தார்.

லீவு முடிந்ததும் ஆர்டர் தரும் கம்பெனியிலிருந்து ஒருவர் சாம்பிளைப் பார்க்க வந்தார். போர்டை வைத்தோம். விளக்கு எரிந்தது. திரையில் பழைய தலைமுறை வேகம்தான் காட்டியது. அடுத்த போர்டும் அப்படியே. எல்லாப் போர்டும் அப்படியே. வந்தவர் லென்ஸை எடுத்து ஜிக்கில் போர்டு போய் உட்காரும் சாக்கெட்டைப் பார்த்தார். ஓரத்தில் கடுகளவு சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதுதான் கோளாறு என்றார். மேனேஜரின் முகத்தில் அப்போது தெரிந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன்.

அவர்கள் காபி குடிக்கப் போனதும் நான் சாக்கெட்டைச் சுத்தமாகத் துடைத்தேன். அதே வேகம்தான். சாக்கெட்டையே கழற்றிப் புதிதாக மாட்டினேன். அப்போதும் அதேதான். கடைசியில் சந்தேகம் வந்து, முதன்முதலில் நல்ல தரத்தில் செய்து வாங்கிய மாதிரிப் போர்டை எடுத்து வைத்தேன். முழு வேகத்தில் ஓடியது! விஷயம் பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிட்டது. செலவைக் குறைக்க, சாம்பிளுக்கென்று மட்டமான போர்டு வாங்கியிருந்தார்கள். பழைய சிப்பாக இருந்தால் அதிலும் ஓடியிருக்கும். சந்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மேனேஜர் ரூமுக்கு ஓடினேன். "சார், பொட்டு இல்ல சார், போர்டு" என்றேன். மட்டமான போர்டை வாங்கச் சொன்னதே அவர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்காவை என்ன பண்ணப்போறீங்க சார்? அவங்களை வச்சிக்கலாமே சார்."

"ஆகல்லம்மா."

அடுத்த வாரம் காண்ட்ராக்டர் வந்து அக்காவை வேண்டாம் என்றார். டெஸ்டிங் ரூமில் இனி பூஜை கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதோடு, யாருக்கும் சொல்லாமல், நல்ல போர்டுக்கும் ஆர்டர் போட்டார்கள். புதுப் போர்டு வந்தது, முழு வேகத்தில் ஓடியது, ஆர்டரும் கிடைத்தது. "பாத்தியாம்மா, சுத்தமா வச்சா எல்லாம் பாஸாகுது" என்றார் மேனேஜர், நல்ல தமிழில். லைனில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பொய்யை மெஷினே வந்து நிரூபித்துவிட்டது. நான் யாரிடம் போய் வாதாடுவது? இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். பாவம், அந்த அக்காவோடு சிநேகம், அதனால் பேசுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். அந்த வருஷம் எனக்குச் சம்பளம் கூடியது. வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றும், விட்டு எங்கே போவது என்றும் தோன்றும். வெறுப்பாக இருந்தது, இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் சூளகிரி பஸ் ஸ்டாப்பில் ஸ்கூட்டியை ஓரங்கட்டி நின்ற அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் எங்கோ ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டப் போகிறாராம். விரலெல்லாம் முள் கீறல். மகள் இன்னும் ஹாஸ்டலில்தான். அந்த வீட்டுக்கு வேறு யாரோ வந்துவிட்டார்களாம். ஜன்னலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ரோட்டில் உடைத்த பூசணிக்காய் சிவந்து கிடந்தது. போகிற பஸ், லாரி, நிறுத்தியிருந்த பைக் எல்லாவற்றிலும் மாலை, பொட்டு. அக்காவின் பழைய ஸ்கூட்டியில் மட்டும் ஒன்றுமில்லை.

"அக்கா, அன்னைக்கே போன்ல சொன்னேன்லக்கா. உங்க மேல தப்பே இல்ல. அது மட்டமான போர்டுக்கா. நானே வச்சுப் பாத்தேன்."

"விடுங்க மேடம். எனக்கோசரம் சொல்றீங்க. நான் போனப்புறம் எல்லாம் நல்லா ஓடுதுன்னு சொன்னாங்களே. ஓடுதில்ல?"

ஓடுகிறது. இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

பக்கத்துப் பூக்கடையில் குங்குமப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். விரலில் தொட்டுக்கொண்டு ஸ்கூட்டியின் பக்கம் குனிந்தேன். அக்கா சட்டென்று உள்ளங்கையால் ஹெட்லைட்டை மறைத்துக்கொண்டார்.

"வேணாம் மேடம்," என்றார். "நல்லா ஓடுற வண்டி."