முகம் கழுவிவிட்டு வாங்கோ

என்ர மகளுக்கு லூப்பஸ் என்ற வருத்தம் என்று கண்டி ஆஸ்பத்திரியில்தான் கண்டுபிடித்தார்கள். மூட்டெல்லாம் நோவு. வெயில் பட்டால் மூக்கிலும் கன்னத்திலும் சிவப்பு. இப்போது கிட்னியையும் தொட்டுவிட்டது. மாதாமாதம் எங்கட ஊர் லிங்கநகரில் இருந்து கண்டிக்குப் போக வேணும். போய் வந்தால் பிறகு எழும்ப ஏலாது.

போன வருஷம் ஒருநாள், "அம்மா, இனி நான் போகேல்ல. குளிசை மருந்து இல்லாட்டி இல்லாமல் கிடக்கட்டும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அந்த நேரம்தான் எங்கள் பகுதி மிட்வைஃப் வந்து சொன்னா, மாகாண அரசாங்கத்தால் டொக்டர்மார் வருகினமாம், இந்த வருத்தம் உள்ள ஆட்களைப் பார்த்துப் பதியப் போகினமாம் என்று. போதிய ஆட்கள் இருந்தால் எங்கட டவுனிலேயே கிளினிக் வைப்பார்களாம். அதைக் கேட்டுத்தான் மகள் எழும்பினாள்.

அரசாங்க ஆட்களுக்கு முன்னால் போவதென்றால் எங்கட பெண்டுகள் சும்மா போகமாட்டினம். மகளும் குளித்து, நல்ல சீலை உடுத்தி, முகத்துக்குப் பவுடர் போட்டாள். பதிவு நடந்த மண்டபத்தில் இருந்த எல்லாரும் அப்படித்தான்.

டொக்டர் வயதில் சின்னப் பிள்ளை. மகளின் முகத்தை உற்றுப் பார்த்து, "சிவப்பு ஒன்றும் இல்லையே" என்றா. மகள் தலை குனிந்தாள். எனக்கும் பெரிய ஆட்களுக்கு முன்னால் வாய் வராது. டொக்டர் 'இல்லை' என்று எழுதப் போனா.

பின்னால் நின்ற, கிண்ணியாவில் இருந்து வந்த பெண்தான், "டொக்டர், அது பவுடருக்குக் கீழே கிடக்கு. கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரியெல்லோ எல்லாரும் வந்திருக்கிறம்" என்றா.

டொக்டர் பேனையை வைத்தா. "அப்ப முன்னம் பார்த்த ஆட்களும்?"

கிண்ணியாப் பெண் தலையாட்டினா.

"எல்லாரும் போய் முகம் கழுவிவிட்டு வாங்கோ."

பைப்படியில் வரிசையாக நின்று கழுவினார்கள். சீலைத் தலைப்பால் துடைத்து நிமிர்ந்தால், ஒவ்வொரு முகத்திலும் அதே சிவப்பு. மகள் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"என்ன தங்கச்சி பாக்கிறீங்க, ஒரு தாய் பெத்த பிள்ளையள் மாதிரி இருக்கிறமா?" என்று கிண்ணியாப் பெண் கேட்டா. மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டு கனகாலம்.

பதிந்து முடித்து வரும்போது மகளே கேட்டாள், "கிளினிக் வருமா டொக்டர்?"

"நான் எழுதி அனுப்புறன் அக்கா. முடிவு மேலிடத்தில."

இன்னும் பதில் வரவில்லை. மிட்வைஃபைக் கண்டால் கேட்பேன். அவவும் என்ன செய்வா. மகள் இப்போது கிண்ணியாப் பெண்ணோடு சேர்ந்து கண்டிக்குப் போகிறாள், என்னை வர வேண்டாம் என்கிறாள். வந்தால் முன்னைப் போலத்தான் படுக்கிறாள். நான் கஞ்சி வைத்துக்கொண்டு எழுப்பாமல் இருக்கிறேன்.