மலை பங்களாவில் ஒரு சுடுநீர்க் குளியல்

ஜப்பான்காரன் காலத்தில் நான் மலாயாவில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தேன். வெள்ளைக்காரத் துரைகள் ஓடிப்போன பிறகு பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கண்ணில் படவில்லை. தோட்டத்து லாரியைக் கரி கேஸில் ஓட வைத்தவன் நான்தான். இரும்புப் பீப்பாயில் கரியைப் போட்டு, காற்றைக் குறைத்துக் கனலவிட்டால் ஒரு வாயு வரும். அதை இஞ்சினுக்குள் விட்டால் லாரி இருமிக்கொண்டே நகரும். அதைச் செய்து காட்டியதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது.

அந்தத் தலைக்கனம்தான் என்னை மலைக்குக் கொண்டுபோனது.

தோட்டத்துக்கு மேலே, ஜெராய் மலைச் சரிவில், பழைய துரைகள் ஓய்வெடுக்கக் கட்டிய பங்களா ஒன்று இருந்தது. ஜப்பான் அதிகாரி ஒருவன் அதில் வந்து தங்கினான். அவனுக்கு முட்டிவலி, மலைக்குளிர் ஆகவில்லை. தினமும் கொதிக்கக் கொதிக்கக் குளிக்க வேண்டும், குளியலறையும் சூடாக இருக்க வேண்டும் என்றான். தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி ஐயா ஜப்பான் பாஷை கொஞ்சம் கற்று மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"லாரிக்குப் பண்ணியே, அதே மாதிரி வெந்நீருக்கும் பண்ணணுமாம், தம்பி. முடியாதுன்னா சயாமுக்கு ஆள் எடுக்கிற லிஸ்டுல உன் பேர் இருக்கும்னு சொல்றான்."

சயாமில் ரயில் பாதை போடப் போன எங்கள் லயக் குடியிருப்பு ஆள்கள் யாரும் அதுவரை திரும்பவில்லை. முடியும் என்று சொன்னேன்.

கீழே பட்டறையில் பத்து நாளில் செய்து முடித்தேன். குளியலறைச் சுவருக்கு வெளியே கரிப் பீப்பாய், அதற்குக் காற்று ஊதக் கையால் சுற்றும் காற்றாடி. அங்கிருந்து சுவர் வழியாக ஒரு குழாய் உள்ளே போகும். உள்ளே செம்புக் கொப்பரை, அதன் அடியில் அடுப்பு, புகை போகக் கூரைவரை தகரக் குழாய். கேஸ் வருவதற்குப் பித்தளை மூக்கில் ஒரு துளை. காற்று புக அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள். பட்டறையில் பற்றவைத்தபோது சுவாலை நீலமாக, குட்டையாக, கூர்மையாக நின்றது. தண்ணீர் கொதித்தது.

பிரித்து, எட்டுப் பேர் தோளில் ஏற்றி, ஒற்றையடிப் பாதையில் மலைக்குக் கொண்டுபோனோம். அங்கே பூட்டிப் பற்றவைத்தால் அதே அடுப்பு வேறு மாதிரி எரிந்தது. சுவாலை மஞ்சளாக, நீளமாக, சோம்பலாக ஆடியது. தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. கேஸ் போதவில்லை என்று நினைத்தேன். பித்தளை மூக்கைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கினேன். காற்றில் சுவாலை அணைந்து அணைந்து போனதால் ஜன்னலையும் இறுக்கி மூடினேன். தண்ணீர் சூடேறியது. வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டேன்.

அதிகாரி வந்து பார்த்தான். என்னையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பங்களாச் சமையல்காரரைக் கூப்பிட்டான்.

"மண்டி," என்றான். குளி என்பதற்கு மலாய்ச் சொல்.

சமையல்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சுங்கைப் பட்டாணி கோயிலில் பாடகர் குழுவில் நின்ற கிறிஸ்தவர். என்னைத் தம்பி என்பார். நான் அண்ணே என்பேன். துரையின் தொட்டிக்கு இருபது வருஷம் தண்ணீர் சுமந்தவர், அதில் ஒரு நாளும் இறங்கியதில்லை.

"அட, எனக்கா?" என்று சிரித்தார். "சேசுவே! தம்பி, சக்கரத்த நல்லா சுத்து. இன்னைக்கு நான்தான் தொரை!"

கதவு சாத்தப்பட்டது. நான் வெளியே நின்று காற்றாடியைச் சுற்றினேன். உள்ளே அவர் மாதா பாட்டு ஒன்றைப் பாடினார். நல்ல குரல். இரண்டாவது அடியில் குரல் தேய்ந்தது. சோப்புப் போடுகிறார் போல என்று நினைத்து, நான் இன்னும் வேகமாகச் சுற்றினேன். அந்த வேகம் இன்றும் என் தோளில் இருக்கிறது.

கிராணி ஐயாதான் கேட்டார்: "ஏன் சத்தமே இல்ல?"

கதவை உடைத்தோம். சமையல்காரர் தொட்டி விளிம்பில் தலை சாய்த்துக் கிடந்தார். முகம் செக்கச் சிவந்து, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறவர் மாதிரி இருந்தது. அறையில் புகை இல்லை, நாற்றம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. ஒன்றுமே இல்லாத ஒரு அறையில் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருந்தார். என் தலையும் கிறுகிறுத்தது. ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப் புல்லில் போட்டோம். "அண்ணே, அண்ணே" என்று கன்னத்தில் அறைந்தேன். வெகுநேரம் கழித்து வாந்தி எடுத்தார். கண் திறந்தார். யாரையும் பார்க்கவில்லை.

அதிகாரி வராந்தாவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி வந்தான். என் கழுத்து போகப்போகிறது என்று நின்றேன். அவன் குனிந்து, தொட்டித் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்து, கிராணியிடம் ஏதோ சொன்னான்.

"தண்ணி சூடு போதுமாம்," என்றார் கிராணி ஐயா. "ஆள் சாகாத மாதிரி நாளைக்குள்ள சரி பண்ணணுமாம்."

அவன் குரலில் கோபமே இல்லை. ஒரு திருகு தளர்ந்ததைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனான். கன்னத்தில் ஓர் அறை விழுந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது.

அடுப்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன். கீழே நீலமாக எரிந்தது மேலே ஏன் மஞ்சளானது? கரி அதே கரி, குழாய் அதே குழாய். மாறியது மலை மட்டும்தான். லாரியும் மேட்டில் ஏற ஏற மூச்சு வாங்கும். மேலே காற்று லேசு என்று டிரைவர்கள் சொல்வார்கள். அப்படியானால் அடுப்புக்கும் காற்றுதான் போதவில்லை. நானோ கேஸைக் கூட்டி, ஜன்னலையும் சாத்தியிருக்கிறேன். எரியாமல் மிஞ்சிய விஷ கேஸ் அறையில் நிறைந்துவிட்டது. இது புரிந்ததும் கையிலிருந்த ஸ்பானர் நழுவியது. அவரைச் சாய்த்தது கரியில்லை, மலையில்லை. என் துளைக்கருவி.

பித்தளை மூக்கை அடைத்து, பட்டறையில் போட்டதைவிடச் சின்னத் துளை போட்டேன். காற்று ஓட்டைகளை அகலப்படுத்தினேன். புகைக்குழாயில் ஒரு முழம் தகரம் சேர்த்து உயர்த்தினேன். தரையோரம் இரண்டு செங்கல்லை எடுத்து வழி விட்டேன். அடுப்புக்கு வெளிக்காற்று வரச் சுவரில் ஒரு குழாய் சொருகி, அதன் வெளிவாயில் கூட்டிக் குறைக்க ஒரு தகடு வைத்தேன். சுவாலை பாதி நீலம் வந்தது. அதிகாரியின் கோழி ஒன்றைக் கூடையில் கவிழ்த்து அறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம்.

"கோழி செத்தா அதுக்கும் நம்ம தலைதான்," என்றார் கிராணி ஐயா.

கோழி தள்ளாடி விழுந்தது. வெளியே தூக்கி வந்து உலுக்கியதும் எழுந்தது. துளையை அடைத்து இன்னும் சின்னதாகப் போட்டேன். இரண்டாம் முறை வைத்தபோது, கதவைத் திறந்ததும் அது எங்களைப் பார்த்துக் கொக்கரித்தது. கிராணி ஐயா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

மறுநாள் காலை அதிகாரி என்னைப் பார்த்து விரல் நீட்டினான். "காமு மண்டி." நீ குளி.

வெளியே தாழ் போட்டார்கள். கிராணி ஐயா காற்றாடியைச் சுற்றினார். கழுத்துவரை சுடுநீரில் உட்கார்ந்து, நான் சுவாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரின் சூடு உடம்பில் ஏறவில்லை. ஒரு கொட்டாவி வந்தது. தூக்கமா, சாவா என்று தெரியாமல் தொடையைக் கிள்ளினேன். வலித்தது. வலித்தவரை சரி என்று கிள்ளிக்கொண்டே இருந்தேன். தாழ் திறந்தபோது தொடை முழுக்கக் கிள்ளிய தடம்.

பிறகு அவன் உள்ளே போனான். காற்றாடி மறுபடி என் கையில். சுவருக்கு வெளியே, என் இடுப்பு உயரத்தில், அடுப்புக்குக் காற்றை விடும் தகடு இருந்தது. ஒரு விரலால் தள்ளினால் பாதி மூடிவிடும். நேற்று தெரியாமல் செய்ததை இன்று தெரிந்தே செய்யலாம். நாற்றம் இருக்காது, சத்தம் இருக்காது. நான் அப்படி நினைக்கக்கூடியவன் என்று எனக்கே தெரியாது. பார்த்தால் என் கை தகட்டின்மேல் இருந்தது.

"கைய எடு தம்பி," என்றார் கிராணி ஐயா, மிக மெதுவாக. "கீழ லயத்துல எல்லாரும் இருக்காங்க. இவன் செத்தா ஜப்பான்காரன் ஒருத்தரையும் விடமாட்டான்."

எடுத்தேன். அவன் சிவந்த உடம்போடு வெளியே வந்து, திருப்தியாக ஏதோ முனகிவிட்டு, எனக்கு ஒரு பொட்டலம் சர்க்கரை கொடுத்தான். இரண்டு வருஷமாகச் சர்க்கரையைப் பார்த்திராதவன் நான். வாங்கிக்கொண்டேன். அதைச் சமையல்காரர் வீட்டில் கொடுத்தேன்.

அவர் பிழைத்தார். ஆனால் சமையலுக்குத் திரும்பவில்லை. உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்தார். மகள் பெயரைத் தேடிக்கொண்டு நின்றார். சண்டை முடிந்து ஜப்பான்காரன் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன்.

"அண்ணே, நான்தான் அந்த ஓட்டைய பெருசாக்குனேன்."

"எந்த ஓட்டை, தம்பி?" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த முறையும் போய்ச் சொன்னேன். அன்றும் அதே கேள்வி, அதே வெளுப்பு. மூன்றாம் முறை வாசலிலேயே அவர் மனைவி என்னை நிறுத்தினார்.

"இனிமே சொல்லாதீங்க தம்பி. உங்களுக்கு மனசு ஆறுது. அவரு ஒவ்வொரு தடவையும் புதுசா பயப்படுறாரு."

அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் வானிலையைப் பற்றி, மீன் விலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.