நடையிலேயே தெரிந்தது

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜனவரி மாதம், ஊட்டியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது இது. ஜனவரியில் எங்கள் பக்கம் உறைபனி விழும். தேயிலைச் செடி வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிப்போகும். கொழுந்து குறைந்துவிடுவதால் வேலையும் குறைவு. லீவு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கிற மாதம் அது ஒன்றுதான்.

நடுவட்டத்துக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் இருக்கிறோம். நான் அங்கே குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் எஸ்டேட்டில் பெண்கள் கபடி டீம் ஒன்று உண்டு. என்னைத் தவிர எல்லாரும் கொழுந்து பறிக்கிறவர்கள். கேப்டன் அக்கா எங்களுக்கெல்லாம் மூத்தவர். பேத்தி எடுக்கிற வயது நெருங்குகிறது, ஆனால் ஒரு காலைப் பிடித்தார் என்றால் உடும்புப் பிடிதான். டீம் என்று சொன்னேனே தவிர, பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வருடா வருடம் கூடலூரில் நடக்கும் போட்டிக்குப் போவோம், முதல் ஆட்டத்திலேயே தோற்போம், திரும்பும் வழியில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வீடு வந்து சேர்வோம். போட்டி நெருங்கினால் என் வீட்டுக்காரர், "பஜ்ஜி டூர் எப்ப?" என்றுதான் கேட்பார்.

அந்த வருடம் ஃபீல்டு ஆபீசர் எங்களைக் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் மொத ஆட்டத்துலயே திரும்பி வந்தீங்கன்னா டீமை மறந்துருங்க. லீவும் கெடையாது, வண்டியும் கெடையாது. ஆம்பளைங்க வாலிபாலுக்குக் கிரவுண்டு கேக்கறாங்க."

எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. வாரத்தில் சில சாயங்காலம் அந்த மைதானத்தில் கழிகிற நேரம் மட்டும்தான் எங்களுடையது. அந்த நேரத்தில் யாரும் எங்களிடம் சோறு கேட்க மாட்டார்கள், துணி துவைத்தாயா என்று கேட்க மாட்டார்கள். புருஷனோடு சண்டை போட்டு வந்தவள் கூட மண்ணில் உருண்டு எழுந்தால் சிரித்துவிடுவாள். அதையும் பிடுங்கிக்கொண்டால் எங்களுக்கென்று என்ன மிச்சம்?

போட்டிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் இந்தி சினிமா ஷூட்டிங்குக்கு ஆள் தேடி ஒருவர் வந்தார். வடக்கே ஏதோ ஒரு கிராமத்தில், யாரும் மதிக்காத பெண்கள் கபடி டீம் ஒன்று கடைசியில் கோப்பை வாங்குகிற கதையாம். அந்த டீம் முதன்முதலாக ஜெயிக்கிற ஆட்டத்தை ஊட்டியில் எடுக்கிறார்கள். அவர்களிடம் தோற்பதற்கு நிஜமாகவே கபடி தெரிந்த பெண்கள் வேண்டுமாம். பாவப்பட்ட டீம் ஜெயிக்க வேண்டுமானால் அதைவிடப் பாவப்பட்ட டீம் ஒன்று வேண்டும்தானே. அதற்கு எங்களைவிடப் பொருத்தமானவர்கள் நீலகிரியில் யார் இருக்கிறார்கள்? நாங்களும் குஷியாகக் கிளம்பினோம். சினிமாவில் முகம் தெரியப் போகிறது என்று ஒருத்தி புருவம் எல்லாம் திருத்திக்கொண்டு வந்தாள்.

மைதானத்தில் பனி விலகுவதற்குள் கேமரா, லைட் என்று திருவிழாக் கூட்டம் கூடிவிட்டது. எங்களுக்கு விஷயங்களைச் சொல்ல சென்னையிலிருந்து வந்த அசிஸ்டென்ட் டைரக்டர் பெண் ஒருத்தி இருந்தாள். நல்ல பெண், வாய் நிறைய அக்கா என்பாள். "நடிக்கறதெல்லாம் அப்புறம் சொல்லித் தரேன்க்கா. கேமரா வைக்க இடம் பாக்கணும். அந்தக் கயிறு கட்டின வழியா சும்மா ஒரு தடவை உள்ள நடந்து வாங்க, போதும்" என்றாள். நாங்களும் சும்மா நடந்து வந்தோம். எதிரே கதாநாயகியின் டீமும் நடந்து வந்தது.

டைரக்டர் பட்டென்று எழுந்து கை தட்டினார். இந்தியில் என்னவோ சொன்னார். சுற்றி இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்கள். நாங்களும் பல்லைக் காட்டினோம். என்ன சொன்னார் என்று கேப்டன் அக்கா கேட்டார். அந்தப் பெண் சந்தோஷமாகச் சொன்னாள்: "சூப்பரா பண்ணீங்களாம்க்கா. தோக்கப் போற டீம்னா இப்படித்தான் இருக்கணுமாம். நடையிலேயே தெரியுதுன்னு சொல்றாரு."

நாங்கள் இன்னும் நடிக்கவே ஆரம்பிக்கவில்லை.

பாராட்டு என்று நினைத்துத்தான் அவள் சொன்னாள். கேப்டன் அக்காவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அதைக் காட்டு என்று கேட்டு, எல்லாரும் போய் டிவி மாதிரி இருந்த பெட்டியில் பார்த்தோம். நான் என்னை வீடியோவில் பார்த்திருக்கிறேன், கல்யாண வீடியோ, கோயில் வீடியோ என்று. ஆனால் கிரவுண்டுக்குள் நடந்து வருவதைப் பார்த்ததில்லை. ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் போவதுபோல் ஓரமாக வருகிறோம். எல்லாருக்கும் பார்வை தரையில். நான் ஜெர்சியின் நுனியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறேன். கதாநாயகியின் டீம் எதிரே வந்ததும் நாங்கள் அத்தனை பேரும் ஒன்றுபோல ஒதுங்கி, அவர்களுக்கு வழி விட்டு, கைகட்டி நிற்கிறோம்.

அந்த ஒதுங்கல் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒதுங்கல். எஸ்டேட் ரோட்டில் ஜீப் வந்தால் வாய்க்கால் ஓரம் ஏறி அப்படித்தான் நிற்போம். சின்னப் பிள்ளையிலிருந்து பழகியது. கூடலூரிலும் ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் உள்ளே போயிருப்போம் என்று அப்போதுதான் உறைத்தது. கால் கோட்டைத் தொடுவதற்கு முன்பே எதிராளிக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அவமானத்தில் காது சூடானது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

சாயங்காலம் வரை தோற்றோம். ஒரே தோல்வியைத் திரும்பத் திரும்பத் தோற்றோம். கதாநாயகி கபடி பாடிக்கொண்டு வருவார், நாங்கள் பாய்ந்து பிடிக்கப் போய்க் கோட்டைவிட வேண்டும். பாவம், மும்பையிலிருந்து வந்தவர், மலைக் காற்றில் நாலு கபடி சொல்வதற்குள் மூச்சு வாங்கியது. ஒரு தடவை அவர் கோட்டைத் தாண்டி ஓடும்போது கேப்டன் அக்கா கணுக்காலைப் பிடித்துவிட்டார். கட் என்று கத்தினார்கள். அக்கா விடவில்லை. சென்னைப் பெண் ஓடி வந்து, "விடுங்கக்கா, ஷாட் முடிஞ்சுது" என்று கெஞ்சினாள். "கைக்கு வந்த காலை எப்படிம்மா விடறது?" என்றபடி அக்கா மெதுவாகக் கையை எடுத்தார். கதாநாயகி கோபித்துக்கொள்ளவில்லை. மண்ணில் உட்கார்ந்தபடியே காலைத் தேய்த்துக்கொண்டு, அக்காவுக்கு ஒரு சலாம் வைத்தார். அன்றைக்கு முழுவதும் எனக்கு மனசு குளிர்ந்த இடம் அது ஒன்றுதான்.

திரும்பும்போது நடுவட்டத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். கேப்டன் அக்கா கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "நாளையில இருந்து நடக்கப் பழகணும்" என்றார். புருவம் திருத்தியவள் களுக்கென்று சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. "பிடிக்கறதும் பாடறதும் நமக்குத் தெரியும். நடக்கத்தான் தெரியலை. தோத்தா தோத்துட்டுப் போறோம், உள்ள போறப்பவே தோத்துட்டுப் போகக் கூடாது" என்றார்.

மறுநாளிலிருந்து பழகினோம். நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டிலிருந்து கிரவுண்டு வரை ரோட்டின் நடுவில், தோளோடு தோளாக, நிமிர்ந்து நடந்தோம். வேடிக்கை பார்த்தவர்கள் ஊர்வலம் எங்கே என்று கிண்டல் செய்தார்கள். என் வீட்டுக்காரர், ராணுவத்தில் சேர்ந்துவிட்டாயா என்று கேட்டார். ஒரு நாள் பின்னாலேயே ஃபீல்டு ஆபீசரின் ஜீப் வந்தது. ஒதுங்கினோம், வேலை வேண்டுமே. ஆனால் தரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தோம். அவர் வண்டியை நிறுத்தி, "என்ன, எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறீங்க?" என்றார். "பிராக்டீஸ் சார்" என்றேன். ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

கூடலூரில் எங்களுக்கு முதல் ஆட்டம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் காலேஜ் டீமோடு. ஒரே மாதிரி டிராக் சூட், ஒரே மாதிரி ஷூ, கூடவே பயிற்சியாளர். உள்ளே போக ஒரே வழி, இரண்டு கம்பத்துக்கு நடுவே. அவர்களும் நாங்களும் ஒரே நேரத்தில் அங்கே வந்து சேர்ந்தோம். என் கால் தன்னால் ஓரம் நகரப் பார்த்தது. முன்னால் நின்ற கேப்டன் அக்கா நகரவில்லை. முறைக்கவும் இல்லை, சும்மா நிமிர்ந்து நின்றார். அந்தக் காலேஜ் கேப்டன் ஒரு நொடி பார்த்துவிட்டு, "நீங்க முன்னால போங்கக்கா" என்று வழி விட்டாள். என் வாழ்நாளில் ஒரு டீம் எனக்கு வழி விட்டது அன்றுதான்.

வழி விட்டதால் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. வேகமான பெண்கள். பாதி ஆட்டத்தில் நாங்கள் நன்றாகவே பின்தங்கியிருந்தோம். பழைய நாளாக இருந்தால் அப்போதே பஜ்ஜிக் கடை ஞாபகம் வந்திருக்கும். யாரும் தலையைத் தொங்கப்போடவில்லை. அக்கா ஒவ்வொரு காலாகப் பிடித்து மடக்க, நான் ஒவ்வொரு புள்ளியாக எடுத்து வர, கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் சமம். கடைசிப் பாட்டு என்னுடையது. உள்ளே போய் ஒருத்தியின் தோளைத் தொட்டேன். திரும்புவதற்குள் இடுப்பை ஒருத்தி பிடித்தாள், காலை ஒருத்தி பிடித்தாள். மண்ணில் முகம் பதிய விழுந்தேன். மூச்சு முட்டுகிறது, கபடி சொல்வதை மட்டும் விடவில்லை. கையை நீட்டினேன். நடுக்கோட்டுச் சுண்ணாம்பு விரலில் ஒட்டியது.

அந்த ஒட்டின சுண்ணாம்போடு நான் அழுதேன். கேப்டன் அக்கா என்னைத் தூக்கி நிறுத்தி, முகத்து மண்ணைத் துடைத்து, "இப்ப நடந்து வெளிய போகணும், அழாத" என்றார்.

அடுத்த ஆட்டத்தில் தோற்றோம், நன்றாகவே தோற்றோம். ஆனால் ஃபீல்டு ஆபீசர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கிரவுண்டு எங்களிடமே இருக்கிறது. திரும்பும் வழியில் பஜ்ஜியும் சாப்பிட்டோம், அது வேறு ருசி.

போன வருடம் அந்தப் படம் ஃபோனில் பார்க்கக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேப்டன் அக்கா வீட்டில் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். நாங்கள் வருவது கண் சிமிட்டும் நேரம்தான். அன்றைக்குச் சும்மா நடந்து வந்ததைத்தான் படத்தில் வைத்திருந்தார்கள். தலை குனிந்து, ஓரமாக, வழி விட்டு நிற்கும் ஏழு பெண்கள். அக்கா ஃபோனை வாங்கி, அந்த இடத்தைத் திரும்ப ஓடவிட்டு உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, "யாருடி இவங்க?" என்றார். எனக்கும் அடையாளம் தெரியவில்லை என்றேன். வீடே சிரித்தது.

இன்றைக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடமோ, பேங்கோ, ஆஸ்பத்திரியோ, உள்ளே நுழைவதற்கு முன் ஒரு கணம் என் நடையைப் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே போனபின் தோற்கலாம், ஜெயிக்கலாம், அது வேறு கதை. வாசலிலேயே தோற்றுவிட்டு உள்ளே போகிற அந்தப் பழைய நடை மட்டும் இனி எனக்கு வேண்டாம்.