பெங்களூரிலிருந்து வந்த ஊசி மருந்து

நீல மூடி போட்ட தெர்மாஸ் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து தர்மபுரிவரை அண்ணன் பஸ்ஸில் வந்தான். உள்ளே ஐஸ், ஐஸ் படாமல் துணியில் சுற்றிய இரண்டு மருந்துக் குப்பிகள். எனக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. இப்போதெல்லாம் குழந்தை பிறந்த அன்றே அரசாங்க ஆஸ்பத்திரியில் போடுகிற ஊசி, எண்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் கிடைக்காது. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு வாய் காபி கேட்டாராம். "பூச்சி மருந்துங்க" என்றானாம் இந்த மகாராஜன்.

அதற்கு முந்தைய வருஷம் நண்பனுக்கு ரத்தம் கொடுக்கப் போனவனை, ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆளென்னவோ கல்லு மாதிரிதான் இருந்தான். அம்மா அன்றைக்கே அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டாள். சேலம் டாக்டர் எங்கள் எல்லோரையும் சோதித்தார். என் வீட்டுக்காரர் தப்பித்தார். எனக்கும் அம்மாவுக்கும் இருந்தது. சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, ரத்தத்தில் பரவுவது, சவர பிளேடைக்கூட மாற்றிப் போடாதீர்கள், புருஷன் பெண்டாட்டிக்குள்ளும் வரும் என்றார். அம்மா வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினார். "உங்க ரெண்டு பேருக்கும் பொறக்கறப்பவே அம்மாகிட்ட இருந்து வந்திருக்கும்."

வெளியே வந்த அண்ணன் அம்மாவிடம் பழியைச் சந்தை ஊசிக்காரர்மேல் போட்டுவிட்டான். சந்தைக்குப் போனால் உடம்பு வலிக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டு வருவது எங்கள் ஊர் வழக்கம். வெந்நீரில் முக்கி முக்கி எல்லோருக்கும் ஒரே ஊசி. அதனால் அம்மா நம்பினாள். அன்றிலிருந்து அவரைத் திட்டாத நாளில்லை. "பாவம், அந்தாளு புரையேறியே செத்துருவாரு" என்று அண்ணன் என் காதில் சொல்வான். அந்தப் பொய்க்காகவே அவன்மேல் எனக்குப் பாசம் பொங்கும்.

மகள் பிறந்தாள். இன்றுவரை அவளுக்கு அந்தக் கிருமி இல்லை. குழந்தையின் தொடையில் ஊசி போட்ட நர்ஸ், ஒன்றும் தெரியாமல் அம்மாவிடம் சொன்னாள்: "தாய்க்கு இருந்தா கொழந்தைக்கு வந்துருங்கம்மா. அதுக்குத்தான் இது."

அம்மா அண்ணனிடம் திரும்பினாள்.

"அப்ப உங்களுக்கு நாந்தான் குடுத்தனாடா?"

இன்னொரு பொய் சொல்வானென்று பார்த்தேன். "ஆமாம்மா. தெரிஞ்சா குடுத்த?" என்றான்.

குழந்தை அழுதது. எடுக்கப் போன கையை அம்மா பின்னால் இழுத்துக்கொண்டாள். அண்ணன் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தான்.

"தொட்டா ஒட்டாதும்மா. புடி."