ஐசிங் பையின் வாய்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மாவு எவ்வளவு, முட்டை எத்தனை என்பதுதான். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. எங்கேயாவது ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் கேக் ஐசிங் பழக்கிக்கொண்டிருந்தேன். பழக வருகிறவர்கள் என்னை அன்ரி என்பார்கள். டீச்சர் என்று ஒருவரும் சொன்னதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. மற்ற நாட்களில் நான் வாய் திறக்காத ஆள். பஸ்ஸில் என் இடம் வந்தாலும் "இறக்கம்" என்று சொல்ல வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற இடம் வரைக்கும் போய், அங்கிருந்து நடந்து திரும்புவேன். ஆனால் ஐசிங் பையைக் கையில் எடுத்தால் எங்கிருந்தோ பேச்சு வரும். ஒரு கிழமைக்கு நான் கதைக்கிற கதை முழுக்க அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள்தான்.

ஒரு நாள் மண்டபத்துக்குப் பொறுப்பான சிஸ்டர் கூப்பிட்டார்.

"அன்ரி, இனி இங்க வகுப்பு எடுக்கிற எல்லாரும் ஒரு கோர்ஸ் செய்யவேணுமாம். சேர்ட்டிபிக்கட் இல்லாட்டி மண்டபம் தரேலாது."

"என்ன கோர்ஸ் சிஸ்டர்?"

"இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைன். வெள்ளவத்தையில, ஞாயிறு பின்னேரம். நாலு கிழமைதான்."

டிசைன் என்றதும் எனக்கு உயிர் வந்தது. கூடை டிசைன் தெரியும், சிப்பி டிசைன் தெரியும், லேஸ் டிசைன் தெரியும். இது ஏதோ புதிதாக வந்த வெளிநாட்டு டிசைனாக்கும் என்று நினைத்தேன். என்னவென்று கேட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

முதல் ஞாயிறு ஒரு சட்டி நிறைய பட்டர் ஐசிங் அடித்து, ஈரத்துணி சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். "அம்மே, மேக்க மொக்கத?" இது என்ன என்று கொண்டக்டர் சிங்களத்தில் கேட்டான். "டிசைன்" என்றேன்.

வகுப்பு கடலுக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியில். உள்ளே போனால் எல்லோருக்கும் முன்னால் கொம்பியூட்டர். பள்ளிக்கூட ஆசிரியர்கள், டியூஷன் கொடுக்கிறவர்கள். ஒருவரிடமாவது ஐசிங் பையின் நுனியில் மாட்டுகிற நொசல் ஒன்று இல்லை. சட்டியை மெல்லக் கதிரைக்குக் கீழே தள்ளினேன்.

படிப்பிக்க வந்த மிஸ்ஸுக்கு என் மகள் வயதிருக்கும். பாடம் முடியும்போது மாணவர் என்ன செய்யக்கூடியவராக இருக்கவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னுக்கு வந்து பாடத்தைக் கட்டுவதுதான் இந்த டிசைன் என்று அவர் விளங்கப்படுத்தினார். கேக்கே இல்லை. எழும்பிப் போயிருப்பேன். சனிக்கிழமை ஞாபகம் வந்தது, இருந்துவிட்டேன்.

பிறகு பயிற்சி ஒன்று தந்தார். உங்களுக்குத் தெரிந்த வேலை ஒன்றைக் கடதாசியில் படிப்படியாக எழுதுங்கள், பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்துச் செய்யட்டும் என்றார். "எழுதினபடியே செய்யவேணும். யோசிக்கக்கூடாது."

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர், யாழ்ப்பாணத்து ஆள். அவர் எழுதியபடி நான் ஒரு முக்கோணம் கீறினேன். முக்கோணமாகவே வந்தது. பிறகு என்னுடைய முறை. சட்டியைக் கதிரைக்குக் கீழேயிருந்து எடுத்து, ஐசிங் பையோடு மேசையில் வைத்தேன். அறை முழுக்க வனிலா மணத்தது. நான் எழுதியிருந்தது நாலே வரி:

பையில் ஐசிங்கைப் போடவும்.
வாயைக் கட்டவும்.
மெதுவாக அழுத்திக்கொண்டே சுற்றவும்.
பூ வரும்வரை சுற்றவும்.

மாஸ்டர் இரண்டு தரம் வாசித்தார். என்னுடைய ஐசிங் பை மேசையில் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. மரக்கறி வாங்கக் கொண்டுவந்த தன்னுடைய துணிப்பையை எடுத்து, மூன்று கரண்டி ஐசிங்கை அதற்குள் போட்டார்.

"ஐயோ மாஸ்டர், அது உங்கட பை!"

"எந்தப் பை எண்டு நீங்கள் எழுதேல்லையே, அம்மா."

அடுத்த வரியைப் பார்த்தார். "வாயைக் கட்டவும். ஆரின்ர வாய் எண்டும் எழுதேல்லை." சேட்டுப் பைக்குள் இருந்து கைக்குட்டையை எடுத்து, மூக்குக்குக் கீழே இறுக்கித் தன் வாயைக் கட்டினார். பிறகு எழும்பி, துணிப்பையை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டு அறையைச் சுற்றத் தொடங்கினார். பூ வரும்வரை சுற்றவேண்டுமே. பூ எங்கே வரப்போகிறது? தையல் இடுக்குகளால் ஐசிங்தான் வந்தது. மூன்றாவது சுற்றில் மிஸ், "சேர், காணும், இருங்கோ" என்றார். மாஸ்டரால் பதில் சொல்ல முடியவில்லை. கடதாசியைக் கையால் காட்டிவிட்டு நாலாவது சுற்றுக்குப் போய்விட்டார். எல்லோரும் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார்கள்.

மிஸ் எனக்குப் பக்கத்தில் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அம்மா, உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் அவருக்கும் தெரியும் எண்டு நினைச்சு எழுதியிருக்கிறீங்க."

அந்தக் கிழமை முழுக்க அதுதான் மண்டைக்குள் ஓடியது. "கொஞ்சமாப் போடு", "பதமா அடி", "அளவா அழுத்து" என்று எத்தனை வருடமாகச் சொல்லியிருப்பேன்! பிள்ளைகளும் "ஓம் அன்ரி, ஓம் அன்ரி" என்று தலையாட்டினார்களே. பதம் என்றால் எது என்று அதில் யாருக்குத் தெரிந்திருக்கும்? எனக்கே தெரியாது, என் கைக்குத்தான் தெரியும். அடுத்த சனிக்கிழமை நான் செய்வதை நானே பார்த்துப் பார்த்து எழுதினேன். கரண்டியைத் தலைகீழாகப் பிடித்து மூன்று எண்ணும்வரை ஐசிங் விழாமல் இருந்தால் அது பதம். இதைக் கண்டுபிடிக்க ஒரு மேசைவிரிப்பும் என் செருப்பில் ஒன்றும் நாசமாயின.

நாலாவது ஞாயிறு சோதனை. ஆளுக்கு ஒரு பாடம் நடத்தவேண்டும். பாடத்தின் நோக்கத்தை முதலே எழுதிக் கொடுக்கவேண்டும், அது நிறைவேறினால்தான் சான்றிதழ். "அறிவார்", "விளங்கிக்கொள்வார்" என்றெல்லாம் எழுதக்கூடாது, கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். நான் எழுதினேன்: "மாணவர் ஐசிங்கால் செய்வதைப் பார்ப்பவர்கள் பூ என்று சொல்வார்கள்."

"நான்தான் மாணவன்," என்று மாஸ்டர் எழும்பி வந்தார். இவ்வளவு பேருக்கு முன்னால் எப்படி வாய் திறப்பது? திறக்காவிட்டால் சனிக்கிழமை இல்லை. ஐசிங் பையைக் கையில் எடுத்தேன். பேச்சு வந்தது.

"மாஸ்டர், உங்கட வாயை விடுங்க. இந்தப் பையின்ர மேல் வாயை முறுக்கி, வலது கையால பிடிங்க. இடது கையால பூ வைக்கிற தட்டைத் திருப்புங்க. நீங்க சுத்தவேணாம், தட்டுத்தான் சுத்தவேணும்."

சொன்னபடியே செய்தார். ஆனால் கை நடுங்குகிற வயது. இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தடித்து, உருண்டு திரண்டு நின்றன. மிஸ் தட்டை உயர்த்திப் பிடித்தார்.

"இது என்ன?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "கோவா."

முட்டைக்கோசைத்தான் நாங்கள் கோவா என்போம். போயிற்று சனிக்கிழமை.

அப்போதுதான் இன்னொரு குரல் கேட்டது: "கோவா இல்லை, பூக்கோவா!"

பூக்கோவா என்றால் காலிஃபிளவர். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. என் கடதாசியை எடுத்து மிஸ்ஸின் முன்னால் வைத்தார்.

"பூ எண்டு சொன்னதோ இல்லையோ?"

"சேர், அவங்க சொன்னது பூக்கோவா..."

"அதில பூ இருக்கோ இல்லையோ? எழுதினபடி பார்க்கவேணும், யோசிக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே மிஸ் சொன்னனீங்கள்."

மிஸ் தட்டைத் திருப்பித் திருப்பி அந்தக் கோவாவைப் பார்த்தார். பிறகு பேனையைத் திறந்து கையெழுத்து வைத்தார்.

படியிறங்கும்போது மாஸ்டர் சொன்னார்: "ரீச்சர், துணிப்பையை மூண்டு தரம் தோய்ச்சுப்போட்டன். இன்னும் எறும்பு விடுகுதில்லை." அவர் என்னைத்தான் டீச்சர் என்கிறார் என்று விளங்க எனக்குக் கடைசிப் படிவரை சென்றது. அன்றும் பஸ்ஸில் வாய் திறக்கவில்லை. சான்றிதழோடு இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கி நடந்தேன். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல மண்டபத்தைத் திறந்து தந்தார்கள்.

இதில் சில விசயங்கள் எனக்கு நிச்சயமில்லை. மாஸ்டர் சுற்றியது நாலு சுற்றா ஐந்தா, கைக்குட்டை நீலமா வெள்ளையா என்று மறந்துவிட்டது. எல்லாவற்றையும்விட, "பூக்கோவா" என்று சொன்னது யார்? பின்னால் சிவப்புச் சாறி கட்டியிருந்த ஒருவர் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அந்தக் குரல் மாஸ்டர் நின்ற பக்கமிருந்து வந்ததுபோலவும் இருக்கிறது. அன்றைக்கு அந்த மேல்மாடியில் இருந்த யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள்.