நான்கு மஞ்சள் வட்டங்கள்

இன்று சான் ஹோசேயில் ஓர் ஓவியக் கண்காட்சி. அமெரிக்கப் பூர்வகுடிப் பெண் ஒருவர் தன் குடும்பத்தையே வண்ண வட்டங்களாக வரைந்திருந்தார்.

நடுவில் நான்கு மஞ்சள் வட்டங்கள். யார் என்று கேட்டேன்.

"என் அம்மாக்கள். பெற்றவரும் அவருடைய மூன்று அக்காக்களும்."

"இதில் சொந்த அம்மா யார்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நான்கு பேரும்தான்" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார்.

திரும்பும்போது காரில் மனைவி கேட்டாள். "உங்க பெரியம்மா தவறினப்போ மேனேஜர்கிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"ஆன்ட்டின்னு."

"அதான் லீவ் கெடைக்கல."

என்னை வளர்த்ததே பெரியம்மாதான். லீவு கிடைக்கவில்லை என்றுதான் ஊரிலும் சொல்லியிருக்கிறேன். உண்மையில், நான் கேட்கவே இல்லை.

இதைப் படிப்பவர்கள் யாராவது மதுரைப் பக்கம் போனால் சொல்லிவிடாதீர்கள். என் மனைவியிடமும்.